கேரியர் இல்லாத சைக்கிள்

வா தம்பி, உக்காரு. சைக்கிளைப் புளியமரத்துல சாத்தாதே, பெயிண்டு உரிஞ்சிடும். ஸ்டாண்டு போடு. இன்னாது, ஸ்டாண்டே கிடையாதா? ரெண்டு லட்ச ரூபா சைக்கிள்ல ஸ்டாண்டு இல்ல, மட்கார்டு இல்ல, பெல்லு இல்ல, பின்னாடி கேரியரும் இல்ல. பில்லை நல்லாப் படிச்சுப் பார்த்தியா? கடைக்காரன் பாதிச் சாமானை அங்கியே வெச்சுக்கினு அனுப்பிட்டானோ என்னவோ.

கோச்சுக்காதே. நான் இதே வேங்கிக்கால்ல வாடகை சைக்கிள் கடை வெச்சிருந்தவன். பதினோரு சைக்கிள். எல்லாத்துக்கும் பின் மட்கார்டுல வெள்ளைப் பெயிண்டுல நம்பர். மணிக்கு அம்பது பைசாவுல ஆரம்பிச்சு ரெண்டு ரூபா வரைக்கும் வந்தேன். கால் எட்டாத பசங்க பாருக்கு நடுவுல காலை விட்டுக் குரங்குப் பெடல் அடிச்சுக்கினு போவானுங்க. ஏரிக்கரையில உழுந்து ஹேண்டில் பாரைக் கோணலாக்கிடுவானுங்க. முன்சக்கரத்தை ரெண்டு தொடைக்கும் நடுவுல இடுக்கி நிமித்திக் கொண்டாந்து நிறுத்திட்டு, "ஒண்ணும் ஆகலண்ணே"ன்னு சொல்லிட்டு ஓடுவானுங்க. உங்கப்பனும் அதுல ஒருத்தன். ஏழாம் நம்பர் சைக்கிளுக்கு அவன் தரவேண்டிய ஒண்ணரை ரூபா இன்னும் என் நோட்டுல நிக்குது. வட்டி வேணாம்னேன்னு சொல்லு.

செல்லுல ஏதோ காட்டறேன்னியே, காட்டு பார்ப்போம். ஓ, நம்ம திருவண்ணாமலை மலை. சுத்தி ஒரு கோடு, அது கிரிவலப் பாதை, 14 கிலோமீட்டர், சரி. உள்ள இன்னா இது, அம்மை போட்ட மாதிரி சிவப்புச் சிவப்பா? எல்லாம் சைக்கிள் இறங்கற வழியா? யாரோ போட்டு வெச்சிருக்காங்க, நீ அதைப் பார்த்து பெங்களூர்ல இருந்து கிளம்பி வந்துட்ட. நல்ல காரியம். என்கிட்ட யோசனை கேக்கறதுக்கு வந்தியே, அது அதைவிட நல்ல காரியம். தாராளமா போ. தடுக்கறதுக்கு நான் யாரு? போறதுக்கு முன்னாடி எந்தக் கோட்டை யாரு போட்டாங்கன்னு மட்டும் தெரிஞ்சுக்கினு போ.

இதோ மேற்கால வளைஞ்சு வளைஞ்சு போவுதே, இது ஆடு போட்டது. எட்டு வயசுல நான் அங்க ஆடு ஓட்டினவன். ரெண்டு சாண் அகலம்தான் இருக்கும். ஆடு எப்பவாவது மலையில நேரா இறங்கிப் பார்த்திருக்கியா? இறங்காது. சரிவுக்குக் குறுக்கால போகும், ஒரு பாறை வந்தா திரும்பும், மறுபடி குறுக்கால போகும். அதுக்கு யாரும் இஞ்சினியரிங் சொல்லித்தரல. இந்தப் பக்கத்துக் கோடு விறகு கொண்டாந்தவங்க போட்டது. தலையில சுமை வெச்சுக்கினு இறங்கறவளும் நேரா இறங்கமாட்டா. கழுத்து ஒடிஞ்சிடும்.

தெற்குப் பக்கம் ரமணாசிரமத்துக்குப் பின்னாடி இருந்து கந்தாசிரமத்துக்குப் போவுதே, அது கல் பாவின பாதை. 1896-ல பதினாறு வயசுப் பையனா இந்த ஊருக்கு வந்தாரு ரமணர். விருபாட்ச குகையில 1916 வரைக்கும், கந்தாசிரமத்துல 1922 வரைக்கும் இருந்தாரு. அப்புறம் கீழ இறங்கி, 1950-ல கண் மூடற வரைக்கும் மலையடிவாரத்துலயே இருந்தாரு. வந்தவர் திரும்பி வேற ஊருக்கே போகல. அந்த மலையில அத்தனை வருஷம் நடந்தவர் காலுக்கு இன்னா கியர் இருந்துதுன்னு நீதான் சொல்லணும். இப்பவும் அந்தக் கல்லு மேல வயசான வெள்ளைக்கார அம்மாங்க வெறுங்காலோட, கண்ணை மூடாத குறையா நடந்து போவாங்க. அவங்களுக்கு எதிர்ல நீ மேல இருந்து வந்தீன்னா, ஆத்ம விசாரம் பாதியில முடிஞ்சு போலீஸ் விசாரணை ஆரம்பிச்சிடும்.

உச்சிக்கு ஏறற கோடு தெரியுதா? கார்த்திகை தீபத்துக்குக் கொப்பரை தூக்கிக்கினு போற வழி. 2,668 அடி. நெய்யும் திரித்துணியும் தோள்மேலதான் ஏறும். பருவதராஜ குலத்தார் தலைமுறை தலைமுறையா அந்த வேலை செய்யறாங்க. அவங்க வழியை இத்தனை நிமிஷத்துல இறங்கினேன்னு நீ செல்லுல போட்டுக்கலாம். அவங்க எத்தனை நிமிஷத்துல ஏறினாங்கன்னு யாரும் போட்டது இல்ல.

இந்த நேர்கோடு இருக்கே, உனக்கு ரொம்பப் பிடிச்சதுன்னியே, அது வழியே இல்லப்பா. தீத்தடுப்புக் கோடு. மலையில எலுமிச்சை வாசம் அடிக்கிற புல்லு ஆளுயரத்துக்கு நிக்கும். மாசி, பங்குனியில காய்ஞ்சு சருகாயிடும். ஒரு பீடித்துண்டு போதும். ஒருகாலத்துல வெட்டியும் மேய்ச்சும் எரிச்சும் மலையை மொட்டை ஆக்கி வெச்சிருந்தோம், அதுல என் ஆட்டுக்கும் பங்கு உண்டு, மறைக்க மாட்டேன். 1980-கள் கடைசியில இருந்து வனத்துறையும் மரம் நடறவங்களும் கன்னு வெச்சுத் தண்ணி ஊத்தி இந்தப் பச்சையைக் கொண்டாந்தாங்க. தீ தாண்டாம இருக்கறதுக்காக வருஷா வருஷம் புல்லைச் செதுக்கி அந்தக் கோட்டைப் போடறாங்க. 2018 மார்ச்சுல குரங்கணியில மலையேறப் போனவங்களைக் காட்டுத் தீ எப்படி வளைச்சுதுன்னு நீயும் டி.வி.யில பார்த்திருப்ப. தீக்குப் போட்ட கோட்டை உனக்குப் போட்டதுன்னு நெனைச்சுட்ட, அவ்வளவுதான். கல்யாண வீட்டு வாசல்ல யாருக்கோ விரிச்ச பாய்ல போய்ப் படுத்த கதை.

ஆமா, போன வாரம் போன்ல ஒரு கதை சொன்னியே, அமெரிக்காவுல இந்த மலை சைக்கிள் எப்படி வந்துதுன்னு, அதை நான் நாலு பேருக்குச் சொல்லிட்டேன். கலிபோர்னியாவுல டமால்பையஸ்னு ஒரு மலை. கீழ உழறதுக்குன்னே பேர் வெச்சிருக்கான் பாரு. அது பக்கத்துல ஃபேர்ஃபாக்ஸ்னு ஒரு ஊரு. அங்க தீயணைப்பு வண்டி போறதுக்குப் போட்ட மண்பாதையில, 1930, 40-கள்ல வந்த பழைய ஷ்வின் சைக்கிளை மேல ஏத்திக்கினு போய், 1976 அக்டோபர் 21-ஆம் தேதி முதல் பந்தயம் உட்டானுங்க. மூணு கிலோமீட்டருக்கு நானூறு மீட்டர் இறக்கம். அப்புறம் நடந்த ஒரு பந்தயத்துல கேரி ஃபிஷர்னு ஒருத்தர் 4 நிமிஷம் 22 செகண்டுல இறங்கினாருன்னு சொன்ன. அது கிடக்கட்டும். எனக்குப் பிடிச்சது அந்தப் பந்தயத்தோட பேரு. பெடலைப் பின்பக்கமா மிதிச்சா பிரேக் பிடிக்கிற சைக்கிள் அது. கீழ வந்து சேர்றதுக்குள்ள பின்சக்கரத்து அச்சு கொதிச்சு, உள்ள இருக்கற கிரீஸ் பூரா புகையாப் போயிடும். மறுபடி அச்சைக் கழட்டி, குண்டு எல்லாத்தையும் மண்ணெண்ணெயில கழுவி, புது கிரீஸ் அடைச்சாத்தான் அடுத்த ஓட்டம். அதனால மறுபடி அடைக்கறதுன்னு அர்த்தம் வர்ற மாதிரி 'ரீபேக்'னே பேர் வெச்சுட்டானுங்க.

அட பாவி, அந்த வேலையை நான் முப்பது வருஷம் செஞ்சேனே! வாரத்துக்கு ரெண்டு சைக்கிள் ஓவராயிலிங். பழைய கிரீஸை விரலால வழிச்சு, குண்டை எண்ணி அலுமினியத் தட்டுல போட்டு, புது கிரீஸ் வெச்சு ஒவ்வொண்ணா ஒட்ட வெச்சு, கோனை முறுக்கிச் சக்கரத்தைச் சுத்தி உட்டா, கடைசியில நின்னு லேசாப் பின்னாடி வரணும். அப்பத்தான் சரியா இருக்குன்னு அர்த்தம். கிரீஸை நானும் அடைச்சேன், அவங்களும் அடைச்சாங்க. அவங்க அதுக்கு ஒரு பேர் வெச்சாங்க, 1996-ல ஒலிம்பிக் வரைக்கும் கொண்டுபோயிட்டாங்க. நான் பில்லுல 'சர்வீஸ்'னு போட்டுப் பன்னெண்டு ரூபா வாங்கினேன். பேர் வெக்கத் தெரியாதது நம்ம ஜாதகம்.

அந்தக் கதையில நீ சொல்லாம முழுங்கின பாதியையும் எனக்கு ஒருத்தர் சொன்னாரு. டமால்பையஸ் மலை அந்த ஊருக்குக் குடிதண்ணி தர்ற ஏரிங்களோட நீர்ப்பிடிப்பு. சைக்கிள் கூட்டம் பெருத்ததும், நடக்கறவங்களும் குதிரையில போறவங்களும் சண்டைக்கு வந்தாங்க. தண்ணி இலாகா ஒத்தையடிப் பாதையில சைக்கிள் வரக்கூடாதுன்னுட்டுது. அகலமான பாதையில மட்டும் போலாம், அதுவும் மணிக்கு 15 மைலுக்கு மேல போகக்கூடாது. ரேஞ்சருங்க புதருக்குப் பின்னாடி வேகம் பார்க்கற துப்பாக்கியோட உக்காந்தாங்களாம். மலை சைக்கிள் பொறந்த வீட்டுலயே அதுக்கு வாசப்படி தாண்ட உத்தரவு இல்ல. அப்புறம்தான் 1988-ல கிளப்புங்க ஒண்ணு சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சு, தடம் எப்படி வெட்டணும், யாருக்கு எப்படி வழி உடணும்னு சட்டம் போட்டுக்கினாங்க. அவங்க கையில மண்வெட்டி வந்தது அப்போதான்.

அந்தச் சட்டத்தை நீ படிச்சுக் காட்டினப்போ எனக்குச் சிரிப்பு வந்துது. மலைச்சரிவு எவ்வளவோ அதுல பாதிக்கு மேல தடத்துக்குச் சரிவு இருக்கக்கூடாது. தடத்தோட வெளிவிளிம்பு லேசாத் தாழ்ந்திருக்கணும், தண்ணி தடத்துலயே ஓடாம குறுக்கால வழிஞ்சு போயிடணும். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை இறக்கத்துல ஒரு மேடு வரணும், இல்லாட்டி தண்ணி வேகம் பிடிச்சுடும். இது இன்னா அமெரிக்கா சட்டம்? நம்ம ஆடு போட்ட சட்டம். ஏரிக்கரை கட்டினவன், வரப்பு போட்டவன் எல்லாருக்கும் தெரிஞ்ச சட்டம்.

அந்தக் காலத்துல ஊருக்கு ஊரு ஒரு ஓடை இருக்கும், 'வண்டி ஓடை'ன்னு சொல்லுவாங்க. மொதல்ல அது ஓடையே இல்ல. மேட்டுல இருந்து நேரா இறங்கின மாட்டுவண்டித் தடம். இரும்புப் பட்டா போட்ட சக்கரம் ரெண்டு கோடு கிழிச்சுது. முதல் மழையில அதுல விரல் பருமன் தண்ணி ஓடுச்சு. அடுத்த வருஷம் முழங்கால் ஆழம். பத்து வருஷத்துல மாடு இறங்க முடியாத பள்ளம். வண்டிக்காரன் பக்கத்துல புதுத் தடம் போட்டான், அதுவும் ஓடையாச்சு. மண்ணு எங்க போச்சுன்னு கேட்டா ஏரியில போய்ப் பாரு, மேடு தட்டிக் கிடக்கும். உன் டயர்ல இருக்கற பல்லு ஒவ்வொண்ணும் சுண்டைக்காய் சைஸ் இருக்கு. நல்ல மழைக்கு மறுநாள் மலையில நேரா ஒரு இறக்கம் உட்டு, நடுவுல பிரேக்கையும் பிடிச்சீன்னு வெய்யி, உனக்குப் பின்னாடி ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி முடிஞ்சிருக்கும். கூலி கேக்காத வெட்டு.

அந்த வாய்க்கால் எங்க வந்து சேரும்? கீழ வீடுங்க இருக்கு.

2024 டிசம்பர் ஒண்ணாந் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில வ.உ.சி. நகர்ல மலை சரிஞ்சுது. ஒரு வீட்டுக்குள்ள ஏழு பேர், அதுல அஞ்சு பேர் பிள்ளைங்க. அதைச் சைக்கிளும் செய்யல, ஆடும் செய்யல. வானம் கொட்டின மழை அது. ஆனா அன்னியில இருந்து இந்த ஊர்ல மழைச் சத்தம் கேட்டா மலையடிவாரத்துல இருக்கறவங்க தூங்கறது இல்ல. அந்த வருஷம் தீபத்துக்கு, டிசம்பர் 13, மலையேறப் பக்தருங்க யாருக்கும் அனுமதி குடுக்கல. எத்தனையோ வருஷமா ஏறினவங்க கீழ நின்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாங்க. நான் உன் சைக்கிளைப் பத்திப் பேச ஆரம்பிச்சு இங்க வந்துட்டேன். அந்தத் தெருப்பக்கம் போனா எனக்கு வேற பேச்சு வராது.

சரி, டீ ஆறிடும், குடி.

சட்டமும் ஒண்ணு இருக்கு, சொல்லிடறேன். மலை வனத்துறையோட காப்புக்காடு. நம்ம தமிழ்நாட்டுக் காட்டுச் சட்டத்துக்கு வயசு தெரியுமா? 1882. உன் கொள்ளுத்தாத்தாவைவிட மூத்தது. அனுமதி இல்லாம உள்ள போனா புடிப்பாங்க. மொதல்ல சைக்கிளைத்தான் வாங்கி வெப்பாங்க, அதுல ஸ்டாண்டு இல்லாததால அவங்களும் எங்க சாத்தறதுன்னு தெரியாம முழிப்பாங்க. 2024 அக்டோபர்ல அரசாங்கமே மலையேற்றத்துக்குன்னு 40 வழி தொறந்து உட்டுது, பணம் கட்டி, கூட ஒரு வழிகாட்டியோட போலாம். நாப்பதும் நடந்து போறவங்களுக்கு.

இன்னொண்ணையும் யோசி. மாட்டுப்பொங்கல் அன்னிக்குத் திருவூடல். அண்ணாமலையாருக்கும் அம்மனுக்கும் சண்டை, அம்மன் கதவைச் சாத்திடுவாங்க. மறுநாள் சாமி இன்னா பண்ணறாரு? மலையைச் சுத்தி வர்றாரு. தீபம் முடிஞ்சும் ஒரு தடவை சுத்துவாரு. ரெண்டு தடவையும் ரோட்டு மேல, ஜனங்க தோள்மேல. தன்னோட மலைதானே, நேரா ஏறிக் குதிச்சு இறங்கினா யாரு கேக்கப்போறாங்க? பொண்டாட்டி கோவத்துலயே சுத்தி வர்றவருக்கு முன்னாடி நமக்கு இன்னா அவசரம்?

நீ கேப்ப, அப்போ சைக்கிளை இன்னா பண்ணறது, மாடியில மாட்டி வெக்கறதான்னு. வேணாம். கிரிவலப் பாதையில விடியக்காலம் ஒரு சுத்து சுத்து, நல்லா இருக்கும். பௌர்ணமி அன்னிக்கு மட்டும் வந்துடாதே, உருட்டிக்கினு போகக்கூட இடம் இருக்காது. ஏத்தம் வேணும்னா போளூர் பக்கமாப் போய் ஜவ்வாது மலையில ஜமுனாமரத்தூர் ரோட்டுல ஏறு. நெஞ்சு வாய்க்கு வரும், அப்போ இந்தத் தாத்தனை நெனைச்சுக்க. அங்க மலையாளி ஜனங்க சாமை போட்டிருப்பாங்க. அவங்க கொல்லை ஓரமாப் போறப்போ இறங்கி ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ. பெல்லு அடிச்சு வழி கேக்கலாம்னா உன்கிட்ட அதுவும் இல்ல. செம்மண் தடம் வேணும்னா ஆரோவில் பக்கம் போ. 1968-ல அங்க வந்தவங்க பார்த்தது மழை அறுத்துப்போட்ட பொட்டல். மொதல்ல கரை போட்டாங்க, மண்ணை நிறுத்தினாங்க, அப்புறம் மரம் வெச்சாங்க. இன்னிக்கு அந்தக் காட்டுக்குள்ள பசங்க நிழல்ல சைக்கிள் ஓட்டறாங்க. 2023 அக்டோபர்ல கேரளாவுல பொன்முடியில ஆசியப் போட்டி நடந்துதே, அதுக்கும் தேயிலை எஸ்டேட்டுலதான் தடம். கேட்டு, போட்டு, அப்புறம் ஓட்டினாங்க.

இல்ல தாத்தா, நம்ம ஊருலயே ஒரு தடம் வேணும்னு பிடிவாதம் பிடிச்சா, அதுக்கும் ஒரு வழி வெச்சிருக்கேன். ஏந்தல் தாண்டி எங்க மேட்டுக் கொல்லை ஒண்ணரை ஏக்கர் கிடக்கு. பட்டா நிலம். வனத்துறை கேக்காது, எங்க வீட்டுக்காரி மட்டும் கேப்பா. மேற்கால முனையில ஒரு கரடு இருக்கு, ரெண்டு ஆள் உயரப் பாறைங்க, சரிவு, சரளை, உனக்கு வேண்டிய கஷ்டம் எல்லாம் அங்க இருக்கு. மல்லாட்டை போட்டா போட்ட விதையே திரும்பறது இல்ல. ஏன் திரும்பல? ஒவ்வொரு மழைக்கும் மேல்மண்ணு வழிச்சுக்கினு ஓடைக்குப் போயிடுது. நாலு வருஷமா குறுக்கால வரப்பு போடணும்னு ஆள் தேடறேன். எழுநூறு ரூபா கூலி கேக்கறான், வந்து பீடி பிடிச்சுட்டுப் போயிடறான்.

உன் சட்டப்படியே பண்ணலாம். சரிவுல பாதி, வெளிவிளிம்பு தாழ்வு, நடுநடுவுல மேடு. கரட்டு உச்சியில இருந்து குறுக்கால வளைச்சு வளைச்சு ஏழு மடிப்பு. கீழ் விளிம்புல கல்லு அடுக்கிடலாம். உனக்குச் சைக்கிள் ரோடு, எனக்கு ஏழு வரப்பு. பெங்களூர்ல இருந்து சிநேகிதப் பசங்களையும் கூட்டிக்கினு வா, எத்தனை பேர் வந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல. மத்தியானம் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் எங்க செலவு. முதல் மழை வரைக்கும் யாரும் அதுல சைக்கிள் உடக்கூடாது. தண்ணி எப்படிப் போவுதுன்னு குடை பிடிச்சுக்கினு நின்னு பார்த்துட்டு, தப்பு இருந்தா திருத்திட்டு, மண்ணு இறுகினதும் நீதான் மொதல்ல இறங்கற. உங்கப்பன் பாக்கி ஒண்ணரை ரூபாயை அன்னிக்கே நோட்டுல அடிச்சுடறேன்.

நாளைக்குக் காலையில அஞ்சரை மணிக்கு வந்துடு. மண்வெட்டி ரெண்டு, கடப்பாரை ஒண்ணு எங்க வீட்டுத் திண்ணையில இருக்கு. நானே என் சைக்கிள்ல கட்டிக்கினு வந்துடுவேன், ஆனா அதோட கேரியர் போன மாசம்தான் ஒடிஞ்சுது. உன்னுதுல கேரியரே இல்ல. அதனால கடப்பாரையைத் தோள்ல போட்டுக்கினு, சைக்கிளை உருட்டிக்கினு வா. ரெண்டு மைல்தான்.